சுருக்கித் தராதேங்கோ, முழுசாத் தாங்கோ

போன செமஸ்டர் முடியிற நேரம் எங்கட பீடத்துக்கு ஒரு குழு வந்து ஒரு ஆப்பை அறிமுகம் செய்து வைத்தது. அதின்ர பெயர் முக்கியமில்லை, இதேமாதிரி இன்னும் பத்து வரும். 'விழிப்புலனற்ற மாணவர்களுக்காக' எண்டு பனரில பெரிசாப் போட்டிருந்தது. சொல் கூடின, நீளமான கட்டுரை ஒண்டை உள்ளுக்குப் போட்டால் கம்பியூட்டர் அதை எளிய தமிழில சில வரிகளாக்கிக் குரலில வாசிக்கும். புறொஜெக்டரில 12 பக்கம் 9 வரியானதைப் போட்டுக் காட்டிச்சினம். மண்டபம் கைதட்டிச்சு. நானும் தட்டினன்.

எனக்குப் பக்கத்தில இருந்தவன் தட்டேல்ல. அந்த ஆப் ஆருக்காகச் செய்யப்பட்டதோ அந்த ஆள் அவன்தான். பிறவியில இருந்தே பார்வை இல்லை. பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில இருந்து வந்தவன், என்ர பட்ச். கேள்வி நேரத்தில கையை உயர்த்தினான்.

"இதுல எத வச்சீங்க, எத விட்டீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"முக்கியமானது எல்லாம் இருக்குது தம்பி."

"யாருக்கு முக்கியமானது?"

நேரம் போட்டுது எண்டு சொல்லி எல்லாரையும் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டினம்.

அவன்ர ரெண்டாவது கேள்விக்கு இண்டைக்கு வரைக்கும் மறுமொழி வரேல்ல. ஆகவே இதை எழுதுறன். பார்வையற்ற வாசகருக்கு எண்டு சொல்லி ஒரு எழுத்தைக் கம்பியூட்டரால வெட்டிச் சுருக்கிக் குடுக்கிறதை நான் அணுகல் வசதி எண்டு ஏற்கமாட்டன். மற்ற எல்லாருக்கும் 12 பக்கம், அவனுக்கு மட்டும் 9 வரி எண்டால், அது வசதி எண்ட பெயரில நடக்கிற பாகுபாடு.

அண்டைக்கு உதாரணமாப் போட்ட கட்டுரை எது தெரியுமோ? மலையகத் தமிழரின்ர குடியுரிமை பற்றினது. எங்கட பாடத்துக்கு உரியது எண்டபடியால தெரிவு செய்திருப்பினம், அதில ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. கட்டுரையில 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க குடியுரிமைச் சட்டம் இருந்தது. அதுக்கு அடுத்த வருசம் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் இருந்தது. அதே 1949 இல தேர்தல் சட்டத்தைத் திருத்தி வாக்குரிமையையும் எடுத்த கதை தனியாக இருந்தது. பிறகு 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம்: 975,000 பேர், அதில 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பாப்பம் எண்டு விட்டது. அந்த மிச்சத்தை 1974 இல ரெண்டு நாடும் பாதி பாதியாப் பிரிச்சது. கடைசியா 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம். கட்டுரையாளரின்ர முழு வாதமும் என்னவெண்டால், சம்பந்தப்பட்ட சனத்தை ஒருத்தரும் கேட்கேல்ல, அவையளை எண்ணிக்கையாப் பங்கு போட்டவை எண்டது.

9 வரியில இது எப்பிடி வந்தது? 1948 இல் குடியுரிமை இழந்தார்கள், பின்னர் ஒப்பந்தங்கள் மூலம் படிப்படியாகத் தீர்வு காணப்பட்டது, 2003 இல் குடியுரிமை கிடைத்தது. அவ்வளவுதான்.

'தீர்வு' எண்ட சொல் கட்டுரையில ஒரு இடத்திலும் இல்லை. சுருக்கினது தானாகக் கொண்டுவந்து வைத்த சொல். கட்டுரை எதை அநியாயம் எண்டு வாதாடிச்சுதோ அதைச் சுருக்கம் தீர்வாக்கிப் போட்டுது. கண்ணால வாசிச்ச நாங்கள் மூலத்தை எடுத்து வைச்சு இதைப் பிடிப்பம். பனரில பெயர் போட்டு அழைக்கப்பட்டவனுக்குப் பிடிக்க வழியில்லை, ஏனெண்டால் அவனிட்ட 9 வரி மட்டும்தான்.

கன்டீனில வந்து இருந்தபிறகு சொன்னான்: "எங்க தாத்தாவோட அண்ணன் குடும்பத்தோட தலைமன்னார்ல கப்பல் ஏறி மண்டபம் கேம்புக்குப் போனவரு. அவரப் படிப்படியா தீத்துட்டாங்களாம்டா." சொல்லிப்போட்டுச் சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரேல்ல.

இதை வாசிக்கிற சிலர் இப்ப கேப்பினம்: அப்ப சொல் கூடின எழுத்தால கஷ்டம் இல்லையோ? இருக்குது. அதை மறைச்சால் நான் பொய்யன்.

கண்ணால வாசிக்கிற ஆள் ஒரு பக்கத்தைப் பார்த்த உடனேயே பாதி வேலை முடிஞ்சுடும். தடிச்ச எழுத்தில என்ன இருக்கு, அட்டவணை எங்க இருக்கு, இந்தப் பந்தி தேவையோ எண்டு ஒரு ஓட்டத்தில தெரிஞ்சிடும். காதுக்கு அந்த ஓட்டம் இல்லை. ஒரு சொல்லுக்குப் பிறகு அடுத்த சொல், ஒரு வரிக்குப் பிறகு அடுத்த வரி. அதுக்காகத்தான் அவன் திரைவாசிப்பானை எங்களுக்கு ஒண்டும் விளங்காத வேகத்தில வைச்சுக் கேக்கிறவன். முதல் தரம் அந்த எஸ்பீக் குரலைக் கேட்டபோது ரேடியோ பழுதாப்போச்சு எண்டு நினைச்சன்.

அந்தக் காதுக்குள்ள எங்கட கல்வித் தமிழ் எப்பிடிப் போகும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. 'இருக்கிறது' எண்டு எழுத ஏலாமல் 'இருப்பதனை அவதானிக்கக் கூடியதாக உள்ளது' எண்டு எழுதுறம். ஒவ்வொரு பந்தியும் 'என்பது குறிப்பிடத்தக்கதாகும்' எண்டு முடியும். எல்லாமே குறிப்பிடத்தக்கது எண்டால் பிறகென்ன? 'மேற்படி விடயம் தொடர்பாக நோக்குமிடத்து' எண்டு துவங்கி, எழுவாய் முதல் வரியில, பயனிலை ஆறாம் வரியில. நாங்கள் கண்ணால ஒரு துள்ளுத் துள்ளிக் கடந்து போயிடுவம். அவன் அத்தனையையும் கேட்டு முடிக்கவேணும். "இந்த 'அவதானிக்கக் கூடியதாக' வந்தா நான் தண்ணி குடிப்பேன்டா" எண்டு ஒருநாள் சொன்னான்.

ஆனா இந்தக் குற்றம் எழுதினவையின்ர. சட்டியில உப்புக் கூடினால் சமைச்ச ஆளைத்தான் பிடிக்கவேணும், ஒரு விருந்தாளிக்கு மட்டும் வேற கோப்பையில தண்ணி கலந்து வைக்கிறேல்ல. தெளிவா எழுதினால் அவனுக்கும் நல்லம், எனக்கும் நல்லம், முதலாம் வருசத்தில வந்து முழிக்கிற பிள்ளையளுக்கும் நல்லம். கட்டுரைக்குப் புள்ளி போடேக்க சொல் கூடினதைக் கனமானது எண்டு நினைச்சுப் புள்ளி கூடப் போடுற வழக்கம் இருக்கும் வரைக்கும் இது மாறாது. இதுக்கு ஆப் தேவையில்லை.

அவனுக்கு ஒரு நீளக் கட்டுரையில வேண்டியது என்ன எண்டு கேட்டனான். தலைப்பில இருந்து தலைப்புக்குப் பாயவேணும். அடிக்குறிப்பு எங்க துவங்குது, எங்க முடியுது எண்டு தெரியவேணும். அட்டவணையில எந்த நிரலில நிக்கிறன் எண்டு தெரியவேணும். பக்க இலக்கம் வேணும், மேற்கோள் காட்டுறதுக்கு. 1964 பற்றி எந்தெந்த இடத்தில வருது எண்டு தேடினால் அந்த இடங்களுக்குக் கொண்டுபோய் விடவேணும். எல்லாம் எங்கட கண் சும்மா செய்யிற வேலை. கம்பியூட்டர் இதுகளைச் செய்தால் நான் எழும்பி நிண்டு கைதட்டுவன். இது வழிகாட்டல். எங்க போறது எண்டதைத் தீர்மானிக்கிறது அவன்.

இந்த வழிகாட்டல் ஏற்கனவே இருக்குது எண்டதுதான் வயித்தெரிச்சல். என்விடிஏ எண்ட திரைவாசிப்பானை 2006 இல அவுஸ்திரேலியாவில துவங்கினவர் மைக்கேல் கறன், பிறகு சேர்ந்தவர் ஜேம்ஸ் டே. ரெண்டு பேருக்கும் பார்வை இல்லை. இலவசம், மூலநிரல் திறந்தது, தமிழும் வாசிக்கும். எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குப் பாயும். ஆனா நாங்கள் அனுப்புற ஃபைலில தலைப்பு எண்டு ஒண்டும் இல்லை. எழுத்தைப் பெரிசாக்கிக் கறுப்பாக்கி விட்டிருப்பம். கண்ணுக்கு அது தலைப்பு, மெஷினுக்கு அது இன்னொரு வரி. வேர்ட்டில ஹெடிங் ஸ்டைல் எண்டு ஒண்டு இருக்குது, ஒரு கிளிக். பட்டதாரியாகப் போற எங்கள்ல எத்தனை பேர் பாவிக்கிறம்?

தலைப்பு இருக்கட்டும், எழுத்தே இல்லையே. எங்களுக்கு வாற கையேடுகள்ல பாதி, போட்டோக்கொப்பியின்ர போட்டோக்கொப்பியை ஸ்கான் பண்ணின பிடிஎஃப். அதுக்குள்ள இருக்கிறது படம். திரைவாசிப்பான் உள்ளுக்குப் போய் ஒண்டும் இல்லை எண்டு திரும்பி வரும். மற்றப் பாதி பாமினி. பாமினி ஃபொண்டில 'தமிழ்' எண்டு தெரியிறது, கம்பியூட்டரின்ர வயித்துக்குள்ள ஜே, கே, பீ, ஓ, செமிகோலன். 'அம்மா' எண்டது எம், கே, செமிகோலன், கே, எச். 'இலங்கை'யை எழுத்தெழுத்தாக் கேட்டால் கமா, வை, கியூ, செமிகோலன், ஐ, எஃப் எண்டு வரும். யுனிகோடில தமிழ் 1991 இல இருந்தே இருக்குது. எங்கட பட்ச்சில ஒருத்தரும் அப்ப பிறக்கவும் இல்லை. இன்னும் பாமினியில நோட்ஸ் வருது.

இதைவிட ஒரு விசித்திரம். மதுரைத் திட்டம் 1998 இல இருந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி இலவசமாப் போட்டுக்கொண்டு வருது. யுனிகோடில இருக்கிறபடியால புறநானூற்றை அவன் முழுசாக் கேக்கலாம், விரும்பின இடத்தில நிப்பாட்டி எழுத்தெழுத்தாகவும் பாக்கலாம். ஈராயிரம் வருசப் பாட்டு கைக்கு எட்டும். போன கிழமை குடுத்த நோட்ஸ் எட்டாது. இந்த நிலைமையில 'உங்களுக்கு எளிமைப்படுத்தித் தாறம்' எண்டு ஒருத்தர் வந்தால் என்ன செய்யிறது? கதவு பூட்டிக் கிடக்கு. திறப்பைக் கேட்டால், உள்ளுக்கு என்ன நடந்தது எண்டு கதை சொல்லுகினம்.

இப்ப என்ர கதையையும் சொல்லிப்போட வேணும், இல்லாட்டி மற்றவைக்குச் சொல்ல எனக்கு முகம் இல்லை.

முதலாம் வருசம் அவனுக்கு நான் வாசிச்சு வட்ஸ்அப்பில குரல்பதிவு அனுப்புவன். கட்டுரைக்கு நாலைஞ்சு பதிவு வரும். முதல் மாசம் நல்லா வாசிச்சன். பிறகு அலுப்பு. அடிக்குறிப்பை விட்டன். 'இது சும்மா அலட்டல்' எண்டு எனக்குப் பட்ட பந்தியளை ரெண்டு வசனத்தில சொல்லிக் கடந்தன். அவனுக்குச் சொல்லேல்ல. நல்லது செய்யிறன் எண்டுதான் நினைச்சன், அவன்ர நேரமும் மிச்சம், என்ர தொண்டையும் மிச்சம். ரெண்டாம் வருசம் அதே கட்டுரையின்ர யுனிகோட் பிரதி எங்கேயோ கிடைச்சு, தானே கேட்டிருக்கிறான். இரவு பதினொரு மணிக்கு கோல் எடுத்தான்.

"நீ வாசிச்சதுல இது இல்லையேடா."

"எது?"

"அடிக்குறிப்பு முழுக்க. அதுலதான் சண்டையே இருக்கு."

உண்மை. மேல கட்டுரையாளர் மரியாதையா எழுதியிருந்தார். ஆரோட கோபம், ஏன் கோபம் எண்டது எல்லாம் கீழ, சின்ன எழுத்தில. பரீட்சையில அவன் எழுதின விடையில அந்தச் சண்டை இல்லாமப் போனதுக்கு நான் காரணம். அவன் என்னைப் பேசேல்ல. "அடுத்த தடவ விட்டா, விட்டேன்னு சொல்லிட்டு விடு" எண்டு மட்டும் சொன்னான். அந்த ஆப்பிட்டயும் அவன் கேட்டது இதே கேள்விதான்.

ஆக, நான் மெஷினுக்கு எதிரி இல்லை. மெஷின் நான் செய்ததைத்தான் செய்யுது, களைப்பில்லாமல், ஒரே நேரத்தில ஆயிரம் பேருக்கு. என்னை நடு இரவில கோல் எடுத்துக் கேக்க ஏலும். அதை?

இன்னொரு பரிசோதனையும் செய்தம். அரசியலமைப்பின்ர 12 ஆம் உறுப்புரையை, இப்ப எல்லாற்ற போனிலயும் இருக்கிற மாதிரியான ஒரு சட்பொட்டில போட்டு, பார்வையற்ற ஒருவருக்கு எளிமையாகச் சொல்லு எண்டு கேட்டம். சட்டத்தின் முன் எல்லாரும் சமம், ஒருவரையும் இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாகப் பாகுபடுத்தக் கூடாது எண்டு அழகாத் தந்தது. கேக்க இனிமை.

மூலத்தைப் பாருங்கோ. 12(1) பேசுறது ஆட்கள் எல்லாரையும் பற்றி. 12(2) பேசுறது பிரசையைப் பற்றி. ரெண்டும் வேற சொல். சுருக்கம் ரெண்டையும் 'எல்லாரும்', 'ஒருவரும்' எண்டு ஒரே மாவாக் குழைச்சுப் போட்டுது. பிரசை எண்ட சொல்லுக்காகத் தலைமுறை தலைமுறையா அலுவலகப் படியேறின ஒரு சமூகத்துப் பிள்ளைக்கு, அந்தச் சொல்தான் 'சொல் கூடின' பகுதி எண்டு வெட்டப்பட்டது. இன்னும் ஒண்டு விடுபட்டது. 12(4): பெண்கள், சிறுவர்கள், அங்கவீனர்கள் இவர்களின்ர முன்னேற்றத்துக்கு விசேட ஏற்பாடு செய்யிறதை இந்த உறுப்புரை தடுக்காது எண்டு சொல்லுற இடம். பார்வையற்றவருக்கு எண்டு கேட்டு எடுத்த சுருக்கத்தில, முழு உறுப்புரையிலும் அவருக்கெண்டு இருந்த ஒரே ஒரு உபபிரிவு இல்லை.

இதுக்குப் பின்னால ஒரு பழைய நினைப்பு இருக்குது: கண் தெரியாட்டி விளக்கமும் குறைவு எண்ட நினைப்பு. எளிய வாசிப்புப் பிரதி எண்டு உலகத்தில ஒண்டு இருக்கிறது உண்மை. சிறிய வசனம், பக்கத்தில படம். அது முக்கியமாக அறிவுசார் இயலாமை உள்ளவர்களுக்காக உருவானது, அவையளோட சேர்ந்து செய்யப்படுறது, அதுக்கு நான் மரியாதை வைக்கிறன். அதைத் தூக்கிப் பார்வையற்றவருக்குக் குடுக்கிறது, காது கேளாதவருக்குச் சக்கர நாற்காலி குடுக்கிற மாதிரி. எங்கட தமிழிலேயே அந்தகக்கவி வீரராகவ முதலியார் எண்டு ஒருத்தர் இருந்திருக்கிறார். முதுகில எழுத்தை எழுதச் சொல்லிப் படிச்சவர் எண்டு கதை. கதை மெய்யோ பொய்யோ, ஒருத்தரும் அவருக்குப் பாட்டைச் சுருக்கிச் சொன்னதா அந்தக் கதையில இல்லை.

லூயி பிறெய்லின்ர கதையும் இதுதான். 1829 இல ஆறு புள்ளி முறையை வெளியிட்டார். பார்வையுள்ள நிர்வாகத்துக்கு அது பிடிக்கேல்ல. தங்களுக்கும் வாசிக்கக் கூடின புடைப்பு எழுத்துத்தான் நல்லம் எண்டு நினைச்சவை. 1840 களில அவர் படிப்பிச்ச அதே பரிஸ் பள்ளிக்கூடத்தில கொஞ்சக் காலம் அது தடையில கிடந்தது. பிள்ளையள் ஒளிச்சுப் படிச்சிருக்கினம். பிரான்ஸ் அதை ஏற்றது 1854 இல, அவர் செத்து ரெண்டு வருசத்துக்குப் பிறகு. கண் உள்ளவைக்கு எது வசதியோ அதைக் கண் இல்லாதவைக்கு நல்லது எண்டு சொல்லுறது புதுசில்லை எண்டதுக்காக இதைச் சொல்லுறன்.

'ஒண்டுமே இல்லாததுக்கு இதாவது இருக்கட்டுமே' எண்டு ஒரு விரிவுரையாளர் எனக்குச் சொன்னவர். நல்ல மனுசன், கோபிக்க ஏலாது. ஆனா 'இதாவது' எண்டது வந்தபிறகு மூலத்தைத் தாறதுக்கு ஆரும் மினக்கெட மாட்டினம். ஆப் இருக்குத்தானே எண்டு சொல்லுவினம். அந்தப் பயம்தான் எனக்கு. வேற சிலர் பதிப்புரிமையைக் காட்டுகினம், வேர்ட் ஃபைல் தந்தால் பிரச்சினை எண்டு. வாசிக்க ஏலாத ஒருவருக்கு வாசிக்கக் கூடின வடிவத்தில பிரதி செய்து குடுக்கிறதுக்கெண்டே 2013 இல மராகேஷ் உடன்படிக்கை வந்தது. இலங்கை 2016 இல சேர்ந்தது. அதே 2016 இலதான் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தையும் ஏற்றது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமும் இருக்குது. தாள்ல எங்களுக்குக் குறைவில்லை.

சுருக்கம் வேண்டவே வேண்டாம் எண்டு அவன் சொல்லேல்ல. பரீட்சைக்கு முதல் நாள் ஆர்தான் சுருக்கம் தேடாதது? குப்பி வைக்கிறதே அதுக்குத்தானே. அவன் கேக்கிறது, மூலம் முதல்ல கைக்கு வரவேணும், சுருக்கம் அதுக்குப் பக்கத்தில வேற ஃபைலா இருக்கவேணும், சுருக்கினது ஆர், எந்தெந்தப் பகுதி விடுபட்டது எண்டு மேல எழுதியிருக்கவேணும். எங்களுக்கும் அப்பிடித்தானே கிடைக்குது. அந்த ஆப் செய்த குழுவுக்கும் இதை எழுதி அனுப்பினம். உங்கட மெஷினை முதல்ல படத்தில இருந்து எழுத்தை எடுக்கப் பழக்குங்கோ, பாமினியை யுனிகோடாக்கப் பழக்குங்கோ, தலைப்பைத் தலைப்பெண்டு அடையாளம் போடப் பழக்குங்கோ, அடுத்த முறை பனர் அடிக்கமுதல் அவனைக் கூப்பிட்டுக் கேளுங்கோ எண்டு. பாப்பம்.

அதுவரைக்கும் எங்கட வேலையை நாங்கள் துவங்கியிட்டம். இந்த செமஸ்டருக்கு வந்த கையேடுகள் 11. அதில யுனிகோடில இருந்தது 3. மிச்சம் 8 ஐயும் குப்பிக் குறூப்பில பிரிச்சு எடுத்து, பாமினியில இருக்கிறதை மாற்றியில போட்டுத் திருத்துறம், படமா இருக்கிறதை எழுத்துணரியில போட்டுத் திருத்துறம். எழுத்துணரி 'ள'வையும் 'ன'வையும் மாறிக் கொட்டுது, வரிக்கு வரி மூலத்தோட ஒப்பிடவேணும். அடிக்குறிப்பை ஒருத்தரும் விடுறேல்ல. 7 பேர் பொறுப்பெடுத்திட்டினம். ஆறாம் இலக்கக் கையேடு, 34 பக்கம், கையெழுத்துப் பிரதி, இன்னும் ஆரும் எடுக்கேல்ல.